அலையும் பாறையும்: சீனத் தட்டின் கரை துருக்கிக்குப் போன கதை

இஸ்னிக் தட்டு ஒன்றைப் பார்க்கும் யாருக்கும் கண் முதலில் நடுவில்தான் நிற்கும். ஒரே தூரிலிருந்து கிளம்பி விரியும் துலிப், கார்னேஷன், ரோஜா. குறுக்கே வளைந்து ஓடும் ரம்பப்பல் இலை ஒன்று. மற்ற நிறங்களைவிட ஒரு படி மேடாக நிற்கும் அந்தத் தக்காளிச் சிவப்பு. விளிம்பை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அங்கே கறுப்புக் கோட்டில் இறுகச் சுற்றிய சுருள்களும், இடையிடையே நீலத் திட்டுகளும் மாறி மாறி வட்டமிட்டு ஓடும். மிச்சமிருந்த இடத்தை நிரப்பப் போட்ட வேலை என்று தோன்றும்.

அது கடல். பாறையில் மோதி நுரைக்கும் அலை. 14-ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்டெஜென் சூளைகளில் வரையப்பட்ட அலை, மேற்கே போய்ச் சேர்ந்து, ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் வடமேற்கே, ஏரிக்கரை ஊரான இஸ்னிக்கில் மறுபடி வரையப்பட்டது. பீங்கான் ஆய்வாளர்களும் ஏல நிறுவனங்களும் இதை 'அலையும் பாறையும்' என்றே குறிப்பிடுகிறார்கள். பெயர் தெரியாமல் பார்த்தால் இரண்டில் எதுவும் கண்ணுக்குப் புலப்படாது. அப்படிப் புலப்படாமல் போனது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சேலையை விரித்துக் காட்டினால் உடலைப் பார்க்காமலேயே கரையை வைத்து இது எந்த ஊர் நெசவு என்று சொல்லிவிடும் பெண்கள் நம் வீடுகளில் உண்டு. பீங்கானிலும் அப்படித்தான். தட்டின் நடுவில் என்ன வரைய வேண்டும் என்பதை வாங்குபவரோ அரண்மனையோ சொல்லிவிடும். கரையில் என்ன ஓட வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. அங்கே ஓவியரின் கை பழக்கப்படி போகும். அதனால் எந்தக் காலம், எந்த ஊர், எதைப் பார்த்து வரைந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் நடுவைவிடக் கரைதான் நேர்மையாகப் பதில் சொல்கிறது என்பது என் எண்ணம். விளிம்பில் ஓடும் கோலத்தை இங்கே நானும் கரை என்றே சொல்கிறேன்.

முதலில் சீனாவுக்குப் போவோம். அங்கேயே இது உள்ளூர்ச் சரக்கு மட்டும் இல்லை. மங்கோலியருக்கு முன் ஆண்ட சாங் வம்சக் காலத்துப் பீங்கான்கள் அடக்கமானவை. ஒரே நிற மெருகு (மேலே பூசிச் சுடும் கண்ணாடிபோன்ற பூச்சு), வடிவத்தின் அழகு, அதிகம் போனால் மெருகுக்கு அடியில் செதுக்கிய ஒரு தாமரை. தட்டு முழுவதையும் வட்ட வட்டமாகப் பிரித்து ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கோலத்தை அடைக்கும் பழக்கம் பரவியது மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தில், நீல வெள்ளைப் பீங்கானோடு சேர்ந்து. நீலம் வந்தது பாரசீகத்திலிருந்து. காஷான் நகருக்குப் பக்கத்தில் கம்சர் என்ற ஊரின் கோபால்ட் சுரங்கங்கள் அக்காலத்தில் பேர்பெற்றவை. வாங்கியவர்களில் பெரும் பங்கு மேற்காசியாவின் முஸ்லிம் செல்வந்தர்கள். பலர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்ணும் வழக்கம் அவர்களுடையது. அதற்காகவே 40 சென்டிமீட்டருக்கும் மேல் விட்டமுள்ள பெரிய தட்டுகளை ஜிங்டெஜென் செய்தது. வட்டத்துக்குள் வட்டமாக அடுக்கும் அந்த அமைப்பு, வெள்ளிக் கம்பி பதித்த பித்தளைத் தாம்பாளங்களில் மேற்காசியர்கள் ஏற்கெனவே பார்த்துப் பழகியது.

சீனக் கனவான்களுக்கு இது பிடிக்கவில்லை. 1388-இல் சாவ் ஜாவ் என்பவர் கலைப்பொருள் சேகரிப்பவர்களுக்கென்று எழுதிய கையேட்டில், நீல வெள்ளைப் பீங்கானைப் படுமோசமான ரசனை என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறார். இன்று உலகமே 'சீனம்' என்று நினைக்கும் பொருளைப் பற்றி ஒரு சீனரின் அன்றைய கருத்து அது. ஆகவே துருக்கியர் சீனக் கரையைக் காப்பியடித்தார்கள் என்று சொல்வதற்கு முன், அந்தக் கரை மேற்காசியச் சந்தையை மனத்தில் வைத்தே பெருகியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யுவான் கால நீல வெள்ளைக்கு அடையாளக் கல்லாக இருப்பவை 'டேவிட் குடுவைகள்' என்ற ஜோடி. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. 1351-இல் ஜாங் வென்ஜின் என்ற பக்தர் ஒரு கோயிலுக்கு நேர்ந்துகொண்டு கொடுத்தவை. அந்த விவரமும் தேதியும் குடுவையின் கழுத்திலேயே எழுதியிருப்பதால் மற்ற பொருள்களுக்குக் காலம் கணிக்க இவைதான் அளவுகோல். மேலிருந்து கீழே பாருங்கள்: செவ்வந்திக் கொடி, வாழையிலை வரிசை, ஃபீனிக்ஸ் பறவைகள், தாமரைக் கொடி, மேகத்தின் நடுவே டிராகன், அதன் கீழே கடல் அலை, பிறகு பியோனிக் கொடி, அடியில் இதழ் வடிவக் கட்டங்கள். எட்டு அடுக்கு. இதில் டிராகன் மட்டும்தான் 'படம்'. மற்றதெல்லாம் கிட்டத்தட்ட கரை என்றே சொல்லிவிடலாம்.

அலை டிராகனுக்குக் கீழே இருப்பது தற்செயல் இல்லை. சீன டிராகன் நீருக்குரிய பிராணி. கடலிலிருந்து எழும், மழை தரும். பாறையும் அலையும் சேர்ந்து வந்தால் அதற்கு இன்னும் ஒரு பொருள் உண்டு. கிழக்குக் கடலில் இருப்பதாக நம்பப்பட்ட, சாவில்லாதவர்கள் வாழும் தீவுகள் அவை. பிற்காலத்தில் அரசவை உடைகளின் கீழ் விளிம்பிலும் இதே அலையும் பாறையும் வந்தன. சீனருக்கு அது அர்த்தமுள்ள கரை. சுற்றிலும் கடல், நடுவில் உலகம்.

வரைவது எப்படி? உருவாக்கிய தட்டு காய்ந்ததும், சுடுவதற்கு முன்பே, கோபால்ட் கரைசலில் தூரிகையைத் தோய்த்து நேரே மண்மேல் வரைவார்கள். பச்சை மண் உடனே உறிஞ்சிவிடும். போட்ட கோட்டை அழிக்க முடியாது. அதன்மேல் தெளிந்த மெருகைப் பூசி 1300 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஒரே சூட்டில் எடுப்பார்கள். யுவான் கால அலையில் முதலில் மெல்லிய இணைகோடுகள் நீரோட்டமாக வளைந்து வரும். மேலே நுரை மட்டும் வெள்ளையாக விடப்பட்டு, பறவை நகம்போல் பிளந்து நிற்கும். கோடு எங்கே நெருங்க வேண்டும், எங்கே விலக வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. பார்த்தவுடன் நீர் என்று தெரியும்.

அந்தக் கைப்பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு 350 ஆண்டு கழித்து ஒரு சாட்சி கிடைக்கிறது. பிரான்சுவா சேவியர் தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சு ஜேசுயிட் பாதிரியார் ஜிங்டெஜென்னில் பார்த்ததை வைத்து 1712-இலும் 1722-இலும் எழுதிய கடிதங்கள் அவை. ஒரே பட்டறையில் ஓவிய வேலை பலருக்குப் பங்கு போடப்பட்டிருந்தது என்கிறார். ஒருவர் விளிம்புக்குக் கீழே வரும் முதல் வண்ணக் கோட்டை மட்டுமே போடுவார், வேறு எதையும் தொடமாட்டார். இன்னொருவர் பூவுக்குக் கோடு போடுவார், மூன்றாமவர் அதற்கு வண்ணம் நிரப்புவார். மலையும் நீரும் ஒருவர் வேலை, பறவையும் விலங்கும் இன்னொருவர் வேலை. ஒரு பாத்திரம் முடிவதற்குள் 70 பேர் கைமாறும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டிலும் இதே அளவுக்குப் பிரிவினை இருந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வாழ்நாள் முழுவதும் விளிம்புக் கோடு மட்டுமே போட்ட ஒரு மனிதரை நினைத்துப் பார்த்தால் சீனக் கரைகளின் பிசிறில்லாத சீர்மை கொஞ்சம் விளங்கும்.

இனி மேற்கே. இந்தப் பீங்கான்கள் தென்சீனத் துறைமுகங்களிலிருந்து கிளம்பி இந்தியப் பெருங்கடல் வழியாகப் பாரசீக வளைகுடாவுக்கும் செங்கடலுக்கும் போயின. இடையில் நம் கடற்கரையிலும் தங்கியிருக்கின்றன. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 13, 14-ஆம் நூற்றாண்டுகளின் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தது பலருக்குத் தெரிந்த செய்தி. இஸ்தான்புல்லுக்கு இவை வந்தது வணிகத்தால் மட்டும் அல்ல. 1514-இல் சால்திரான் போரில் பாரசீகத்தை ஆண்ட சஃபாவியரை வென்ற ஒட்டோமான் சுல்தான் முதலாம் செலிம், தப்ரீஸ் நகரிலிருந்து அரண்மனைச் செல்வத்தையும் கைவினைஞர்களையும் சேர்த்தே கொண்டுவந்தார். 1517-இல் எகிப்தும் வீழ்ந்தது. இஸ்தான்புல்லில் சுல்தான்கள் வாழ்ந்த தோப்காபி அரண்மனையில் இன்று 10,000-க்கும் அதிகமான சீனப் பீங்கான்கள் இருக்கின்றன. சீனாவுக்கு வெளியே இவ்வளவு பெரிய தொகுப்பு அரிது. யுவான் நீல வெள்ளையில் மட்டும் அங்கே 40 வாக்கில் உண்டு. அது உலக அளவில் மிகப் பெரிய எண்ணிக்கை.

இங்கே ஒரு விசித்திரம். 1530-களில் இஸ்னிக் ஓவியர்கள் சீனத் தட்டைப் பார்த்து வரையத் தொடங்கியபோது, சீனாவில் மிங் வம்சத்தின் ஜியாஜிங் பேரரசர் ஆண்டுகொண்டிருந்தார். அவர் காலத்துப் பீங்கான் அவர்களுக்கு எட்டாத பொருள் இல்லை. ஆனால் எடுத்துக்கொண்ட மாதிரிகள் யுவான் காலத்தவை, அல்லது 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோங்லே பேரரசர் காலத்தவை. நூறு முதல் இருநூறு ஆண்டு வரை பழையவை. கருவூலத்தில் மதிப்போடு வைக்கப்பட்டிருந்த பழைய பெரிய தட்டுகள்தான் 'நல்ல சீனம்' என்று அவர்கள் கண்ணில் பதிந்திருக்க வேண்டும். புதுச் சரக்கைவிடப் பழைய சரக்குக்கு மரியாதை அதிகம் என்பது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

அவற்றில் அதிகம் காப்பியடிக்கப்பட்டது திராட்சைத் தட்டு. யோங்லே காலத்து மூலத்தில் நடுவில் கொடியோடு மூன்று திராட்சைக் குலைகள், தட்டின் சரிவில் சுற்றிலும் தனித்தனிப் பூங்கொத்துகள், விளிம்பில் அலை. இஸ்னிக் பிரதியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று இடத்திலும் மூன்று விதமான நேர்மை தெரியும். நடுவில் திராட்சை அப்படியே இருக்கிறது. மூன்று குலை, அதே சாய்வு. சரிவில் பூங்கொத்துகள் இருக்கின்றன, ஆனால் அவை மெதுவாக உள்ளூர்ப் பூக்களாக மாறத் தொடங்குகின்றன. கரையில்தான் பெரிய மாற்றம். நீரோட்டக் கோடுகள் போய்விட்டன. நுரையின் சுருள் மட்டும் மிஞ்சி, இறுகி, வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றிக்கொண்டது. அலைக்கு நடுவே இருந்த கரிய பகுதிகள் திட்டுகளாகத் தனித்து நின்றன. அந்தத் திட்டுகள்தான் 'பாறை'.

இதை அரைகுறைக் காப்பி என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் காரணம் பொருளே வேறு. ஜிங்டெஜென்னின் பீங்கான் கயோலின் களிமண்ணும் பீங்கான் கல்லும் சேர்ந்தது. உயர்ந்த சூட்டில் கண்ணாடிபோல் இறுகிவிடும். இஸ்னிக்கில் அந்த மண் கிடையாது, அந்தச் சூடும் எட்டாது. அவர்கள் கையில் இருந்தது மேற்காசியப் பழைய செய்முறை. காஷானைச் சேர்ந்த குயவர் குடும்பத்து அபுல் காசிம் 1301-இல் அதை எழுதி வைத்திருக்கிறார்: அரைத்த குவார்ட்ஸ் 10 பங்கு, கண்ணாடித் தூள் 1 பங்கு, வெள்ளைக் களிமண் 1 பங்கு. இஸ்னிக் குயவர்கள் கண்ணாடித் தூளில் ஈயத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். உடலின் மேல் வெண்மையான பூச்சு ஒன்று, அதன்மேல் ஓவியம், அதன்மேல் ஈயம் கலந்த மெருகு, பிறகு 900 டிகிரி வாக்கில் சூளை.

அந்த மெருகுக்கு அடியில் கோபால்ட் நீலம் லேசாகக் கசியும். மையொற்றும் தாளில் எழுதியதுபோல் ஆகாவிட்டாலும், அடுத்தடுத்து நெருங்கிய மெல்லிய நீலக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும் அபாயம் எப்போதும் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்கள் கண்டுபிடித்த வழி, உருவத்தின் எல்லையைக் கசியாத கறுப்பில் போட்டுவிட்டு, நீலம், பச்சை, சிவப்பு எல்லாவற்றையும் உள்ளே நிரப்புவது. பூவுக்கு அது அருமையாகப் பொருந்தியது. அலைக்குப் பொருந்தவில்லை. எல்லைக்கோடு இல்லாமல் கரைந்து மங்குவதுதான் நீரின் இயல்பு. கறுப்புக் கோட்டுக்குள் அடைத்த அலை, சுருள் வடிவமாகத்தான் மாற முடியும்.

இரண்டாவது காரணம் அர்த்தம். சாவில்லாதவர்களின் தீவு இஸ்னிக் ஓவியருக்கு ஒன்றும் இல்லை. அவர் பார்த்தது ஒரு தாளத்தை: இறுக்கம், இடைவெளி, இறுக்கம், இடைவெளி. அதை எடுத்துக்கொண்டார், மற்றதை விட்டுவிட்டார். நடுவில் வரும் கொடியும் இலையும் தழைத்து அலையும் வடிவங்கள். அவற்றைச் சுற்றி இப்படி இறுகித் துடிக்கும் ஒரு கரை இருந்தால்தான் தட்டு நிற்கிறது. இதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சீன மூலத்தின் கரையைவிட இஸ்னிக் கரை தன் வேலையை நன்றாகச் செய்கிறதோ என்றுகூடத் தோன்றும். சீனக் கரை கடலாக இருக்க ஆசைப்படுகிறது. இஸ்னிக் கரைக்குக் கரையாக இருப்பதே போதும்.

மூன்றாவதாக வேலை நடந்த விதம். இஸ்தான்புல்லில் 'நக்காஷ்கானே' என்ற அரண்மனை ஓவியக்கூடம் இருந்தது. தப்ரீஸிலிருந்து வந்து அதன் தலைமைக்கு உயர்ந்த ஷாகுலு, 1556-இல் இறக்கும்வரை அந்த ரம்பப்பல் இலையையும் விரிந்த தாமரை வடிவங்களையும் பிரபலமாக்கினார். அவருக்குப் பின் வந்த காரா மெமிதான் துலிப், கார்னேஷன் முதலிய தோட்டப் பூக்களைக் கொண்டுவந்தார் என்பது பொதுவான கருத்து. தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் தட்டி ஓட்டின்மேல் படிய வைக்கும் முறையும் இருந்தது. நடுப்பகுதிக்கு இப்படி மேலிருந்து மாதிரி வந்தது. கரைக்கு யாரும் தாள் அனுப்பியதாகத் தெரியவில்லை. பல தட்டுகளில் அலை தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சேரும் இடத்தைத் தேடினால் கிடைத்துவிடும். அங்கே ஒரு சுருள் நசுங்கியிருக்கும், அல்லது இரண்டு திட்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அளந்து போடாமல் கைபோன போக்கில் போட்டதன் அடையாளம். அருங்காட்சியகத்தில் இஸ்னிக் தட்டைப் பார்க்க நேர்ந்தால் அந்த இணைப்பைத் தேடிப் பாருங்கள். பூவைப் பார்ப்பதைவிடச் சுவையான வேலை.

எல்லாக் கரையும் இப்படி மாறிவிடவில்லை. விளிம்பு வட்டமாக இல்லாமல் வளைவு வளைவாக வெட்டியிருப்பது யுவான், மிங் தட்டுகளின் பாணி. இஸ்னிக் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. துலிப் ஜோடியும் வட்டப்பூவும் மாறி மாறி வரும் கரை முழுக்க உள்ளூர்க் கண்டுபிடிப்பு. இன்னொரு சீனக் கரை, 'மேகக் கழுத்துப்பட்டி' எனப்படுவது, யுவான் ஜாடிகளின் தோளில் நான்கு மடல்களாகத் தொங்கும். மங்கோலிய உயர்குடியினர் தோளில் அணிந்த துணியின் வடிவம் அது. துணியிலிருந்து பாத்திரத்துக்கு வந்தது.

குடுவையின் அடியில் வரும் இதழ்க் கட்டங்கள் புத்தரின் தாமரைப் பீடத்திலிருந்து வந்தவை. அவற்றில் காலம் கணிக்க உதவும் சிறு தடயம் ஒன்று இருக்கிறது. யுவான் காலத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு இதழும் தனித்து, பக்கத்து இதழைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும். மிங் காலத்தில் அவை நெருங்கி ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கும் டிராகனைப் போலியாக வரைபவன்கூட இந்த இடைவெளியை மறந்துவிடுவான்.

தாமரைக் கொடியின் கதை இன்னும் நீளம். பூ இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சீனாவுக்குப் போனது. கொடியாக ஓடும் அந்த அமைப்போ மத்தியதரைக் கடல் நாடுகளின் கட்டடங்களில் ஓடிய இலைக்கொடி. மேற்காசியா, காந்தாரம் வழியாக அதே பௌத்தத்தோடு கிழக்கே போய்ச் சேர்ந்தது என்பது சீன அலங்காரக் கலையை ஆராய்ந்த ஜெசிகா ராசனின் வாதம். அப்படிச் சீனாவில் கலந்து உருவானதுதான் நீல வெள்ளைப் பீங்கானில் ஏறி மறுபடி மேற்கே வந்தது. துருக்கிய ஓவியர்கள் அதைச் சீனத்தின் பெயராலேயே 'ஹதாயி' என்று அழைத்தார்கள். கிரேக்கக் கோயில்கள் நின்ற அதே அனத்தோலியாவுக்கு, கிளம்பிய கொடி ஆயிரம் ஆண்டுக்கு மேல் சுற்றிவிட்டு அந்நிய முகத்தோடு திரும்பியிருக்கிறது. ராசனின் வாதத்தில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு கோலம் இரண்டு இடத்தில் இருந்தால் உடனே ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்லிவிடக் கூடாது. கட்டம் கட்டமாக மடிந்து ஓடும் 'இடிக் கோலம்' பண்டைய சீன வெண்கலப் பாத்திரங்களில் இருக்கிறது. அதே போன்ற மடிப்பு கிரேக்கப் பானைகளிலும் இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு தேட வேண்டியதில்லை. நேர்கோட்டை மடித்துக்கொண்டே போனால் யாருக்கும் அதுதான் வரும். அலையும் பாறையும் அப்படி இல்லை. வளைவு வெட்டிய விளிம்பில், திராட்சைக்கு வெளியே, சுருளும் திட்டும் மாறி மாறி வரும் கரையை இரண்டு ஊர்கள் தனித்தனியே கண்டுபிடித்திருக்க முடியாது. எளிய வடிவம் எதையும் நிரூபிக்காது. விசித்திரமான வடிவம்தான் சாட்சி சொல்லும்.

பண்டமாற்று ஒருவழிப் பாதையும் இல்லை. யோங்லே காலத்து ஜிங்டெஜென், மேற்காசியப் பித்தளைக் குவளை, மெழுகுவர்த்தித் தாங்கி, எழுதுகோல் பெட்டி வடிவங்களைப் பீங்கானில் செய்தது. நட்சத்திரக் கட்டங்களை நீலத்தில் வரைந்தது. 1506 முதல் 1521 வரை ஆண்ட ஜெங்டே பேரரசர் காலப் பீங்கான்களில் அரபு, பாரசீக எழுத்துகள் வட்டங்களுக்குள் வருகின்றன, சுற்றிலும் இஸ்லாமியப் பாணிச் சுருள்கொடி ஓடுகிறது. அந்த எழுத்துகள் சிலவற்றின் கோணல்மாணலைப் பார்த்தால், இஸ்னிக் ஓவியர் அலையைப் பார்த்ததுபோலத்தான் சீன ஓவியர் அரபு எழுத்தைப் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

சீனமும் இஸ்னிக்கும் ஒரே விருந்தில் சேர்ந்து உட்கார்ந்த நாளும் உண்டு. 1582-இல் சுல்தான் மூன்றாம் முராத் தன் மகனின் சுன்னத்தை இஸ்தான்புல்லில் வாரக்கணக்கில் கொண்டாடினார். அரண்மனைச் சமையற்கூடத்தின் சீனப் பீங்கான் போதாமல், 500-க்கும் மேற்பட்ட இஸ்னிக் பாத்திரங்களைக் கடைத்தெருவிலிருந்து வாங்கினார்கள். அப்போது நடுவில் இருந்த பூவை யார் பார்த்திருப்பார்கள்? பிலாவு குவிந்த தட்டில் வெளியே தெரிவது விளிம்பு மட்டும்தான். விருந்தாளியின் கண்ணில் சீனத் தட்டையும் இஸ்னிக் தட்டையும் ஒரு குடும்பமாகக் காட்டியது அந்த அலைக் கரையாகத்தான் இருந்திருக்கும். கரை இவ்வளவு காலம் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

நீடித்தது என்றால் 1600-ஐத் தாண்டியும் நீடித்தது. ஆனால் கை தளர்ந்துகொண்டே வந்தது. 1560, 70-களின் நல்ல தட்டில் ஒரு சுருளுக்குள் பல சுற்று இருக்கும், கோடு தலைமுடி அளவுக்கு மெல்லியது. 1600 வாக்கில் இரண்டு மூன்று சுற்றோடு முடிகிறது. 17-ஆம் நூற்றாண்டு நகர நகர வெறும் கொக்கியும் புள்ளியுமாகி, சிலவற்றில் கிறுக்கலாகவே ஆகிவிடுகிறது. வரைந்தவருக்கு அது முன்பு அலையாக இருந்தது என்பது மட்டுமல்ல, சுருளாக இருந்தது என்பதும் மறந்துவிட்டது. கலைப்பொருளின் தேதியைக் கணிப்பவர்களுக்கு இந்தச் சரிவு வரப்பிரசாதம்.

சரிவுக்குக் காரணம் ஓவியர்களின் சோம்பல் இல்லை. அரண்மனை ஓடுகளுக்கும் தட்டுகளுக்கும் விலையை நிர்ணயித்துவிட்டது; நாணயத்தின் மதிப்பு விழுந்துகொண்டிருந்தது; மூலப்பொருள் விலை ஏறிக்கொண்டிருந்தது. 1609-இல் தொடங்கி 1616-இல் முடிந்த இஸ்தான்புல்லின் சுல்தான் அகமது மசூதிக்கு மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட ஓடுகள் தேவைப்பட்டன. அரசாங்க வேலை முந்தி, கட்டுபடியாகும் தனியார் வேலை பிந்தியது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊருக்குப் போன பயணி எவ்லியா செலெபி, ஒருகாலத்தில் 300 பட்டறைகள் இருந்த இடத்தில் 9 மட்டுமே மிஞ்சியிருந்ததாக எழுதுகிறார். எவ்லியாவின் எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. போக்கு அதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஒரு சுருளுக்கு எட்டுச் சுற்று போட்டாலும் அதே காசு, இரண்டு சுற்று போட்டாலும் அதே காசு என்றால் யார்தான் எட்டுச் சுற்று போடுவார்கள்?

அலை அத்தோடு ஓயவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்களுக்கு இஸ்னிக் மேல் மோகம் பிறந்தது. பாரிஸின் குளூனி அருங்காட்சியகம் ரோட்ஸ் தீவிலிருந்து 500-க்கும் மேற்பட்ட இஸ்னிக் பாத்திரங்களை வாங்கியதால், இவையெல்லாம் ரோட்ஸில் செய்தவை என்ற தவறான எண்ணம் பல காலம் நிலவியது. பாரிஸில் சாம்சன் நிறுவனமும் ஃபுளோரன்ஸில் காண்டகல்லி நிறுவனமும் இந்தத் தட்டுகளைப் பார்த்துச் செய்யத் தொடங்கின. பூ, இலை, சிவப்பு, கரை எல்லாமே. சீனத்தில் நீராக இருந்து, இஸ்னிக்கில் தாளமாக மாறியதை இப்போது இத்தாலியத் தொழிலாளி மூன்றாவது தடவையாக வரைந்தார். காண்டகல்லி தட்டைத் திருப்பினால் அடியில் சேவல் முத்திரை இருக்கும். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைத் திருப்ப முடியாது. என் கண்ணுக்கு, அந்தப் பிரதிகளில் சுருள்கள் ஒன்றுபோல ஒன்று, அளவெடுத்த இடைவெளியில் நிற்கின்றன. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் எங்கே என்று எவ்வளவு தேடினாலும் தெரிவதில்லை.